காரை விட்டு இறங்கிய சீனித்தாய்

தூத்துக்குடியில் ஒரு குடும்பம் எவ்வளவு முன்னுக்கு வந்திருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் கடையையோ வீட்டையோ போய்ப் பார்க்க வேண்டாம். அந்த வீட்டு அம்மாள் தெருவில் எவ்வளவு தூரம் நடக்கிறாள் என்று பார்த்தால் போதும். நிறைய நடந்தால் இன்னும் கஷ்ட ஜீவனம். கொஞ்சம் நடந்தால் பரவாயில்லை. நடக்கவே இல்லை என்றால் லட்சுமி அந்த வீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள் என்று அர்த்தம். இந்த அளவுகோலை யார் கண்டுபிடித்தார்களோ தெரியாது; ஆள் கையில் கிடைத்தால் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்கலாம்.

இந்த அளவுப்படி, காசிலிங்கம் அண்ணாச்சியின் மனைவி சீனித்தாய் ஊரில் யாருக்கும் குறைந்தவள் இல்லை. சண்முகபுரத்தில் மாடி வீடு. வாசற்படியிலிருந்து அம்பாசடர் கார் வரை ஒரு நடை, காரிலிருந்து கல்யாண வீட்டுப் பந்தல் வரை ஒரு நடை. 1983-ஆம் வருஷத்தில் அவள் வாரம் முழுவதும் நடந்த நடையைச் சேர்த்து நீட்டினால் பக்கத்துத் தெருவுக்குக்கூடப் போய்ச் சேராது.

பிறவியிலேயே அப்படி இல்லை. உடன்குடிக்குத் தெற்கே தேரிக்காட்டில் பனையேறி வீட்டில் பிறந்தவள் அவள். சின்ன வயதில் பதநீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, காலைச் சுடும் செம்மணலில் ஓட்டமாக ஓடியவள். காசிலிங்கத்துக்கு வாழ்க்கைப்பட்டுத் தூத்துக்குடிக்கு வந்த புதிதில், அவர் கயிற்றுச் சுருளைத் தலையில் சுமந்து தோணிக்காரர்களிடம் விற்றுக்கொண்டிருந்தார். மத்தியானச் சோற்றைத் தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு பழைய துறைமுகத்துக்கு அவள் நடந்தே போவாள். பிறகு கயிறு கடையாயிற்று. கயிற்றோடு பெயிண்டு, ஆணி, பாய்த்துணி எல்லாம் சேர்ந்தன. சோறு கொண்டுபோக ஆள் வந்தான். கோவிலுக்குப் போக ரிக்‌ஷா வந்தது. கடைசியில் கார் வந்தது. ஒவ்வொன்று வரும்போதும் சீனித்தாயின் நடையில் கொஞ்சம் குறைந்து, இடுப்பில் கொஞ்சம் ஏறியது.

கார் வந்த அன்று அண்ணாச்சி எலுமிச்சம்பழத்தை டயருக்கு அடியில் வைத்துவிட்டு, நாலு பேர் கேட்கும்படி, "எங்கம்மா கருப்பட்டிச் சிப்பத்தைத் தலையில வச்சு நடந்து நடந்தே செத்தா. இனிமே என் பெஞ்சாதி கால்ல மண்ணு படப்படாது" என்று சொன்னார். சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தப் பிரியத்தை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பிரியம்தான் சில வருஷங்களில் அவளைக் கொண்டுபோய் டாக்டர் எபனேசர் முன்னால் உட்கார வைத்தது.

டாக்டர் ஒரு கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, அதில் அவளுடைய சிறுநீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஸ்பிரிட் விளக்கில் சூடு காட்டினார். நீலம் நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சையானால் கொஞ்சம், மஞ்சளானால் அதிகம், ஆரஞ்சானால் கவலை, செங்கல் நிறத்துக்குப் போனால் ஆபத்து. சீனித்தாயின் குழாய் ஆரஞ்சில் வந்து நின்றது. இடது கால் சுண்டுவிரல் ஓரத்தில் ஒரு சின்னப் புண் வேறு ஆறாமல் கிடந்தது. பேரிலேயே சீனி இருப்பதை டாக்டர் கவனித்தார். நல்ல மனிதர், சிரிக்கவில்லை.

"இந்த மாத்திரையைத் தினமும் போடணும். இனிப்புத் தொடக் கூடாது. செருப்பு இல்லாம வெளிய இறங்கக் கூடாது. காலையில வேர்க்க வேர்க்க நடக்கணும்" என்றார்.

"யாரு, இவளா?" என்றார் அண்ணாச்சி. "டாக்டரய்யா, கடையில நாலு பயலுவ சும்மாத்தான் நிக்கானுவ. அவனுவள்ல ஒருத்தன் நடந்தா ஆவாதா?"

"நடக்கலாம். அவன் சர்க்கரைதான் குறையும், அண்ணாச்சி."

டாக்டர்மார் அப்படித்தான் சொல்லுவார்கள் என்று அண்ணாச்சி காரிலேயே அதை மறந்துவிட்டார். சீனித்தாயால் மறக்க முடியவில்லை. அவளுடைய அக்கா முத்துக்கனி மில்லர்புரத்தில் இருந்தாள். அவளுக்கும் இதே சர்க்கரை, இதே மாதிரி விரலோரத்தில் ஒரு புண். மூன்று வருஷத்துக்கு முன் பாளையங்கோட்டையில் வைத்து வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். சீனித்தாய் பார்க்கப் போனபோது முத்துக்கனி கட்டிலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். வாய் மட்டும் பழைய வாய்.

"ஏளா சீனி, இப்ப பாத்தியா, கக்கூசுக்குப் போறதுக்கு ரெண்டு பேரு தாங்குதாவ. பேரப்புள்ளைகூட தூக்குதேன்னு வாரான். காலு இருந்த காலத்துல ஒருத்தராவது நடக்க விட்டாவளா? 'நீங்க ஏன் நடக்கிய, நீங்க ஏன் நடக்கிய'ன்னே சொல்லி, நடக்காத காலு எதுக்குன்னு சாமி எடுத்துக்கிட்டு."

சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். சீனித்தாய்க்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பயம் என்றால் அப்படி ஒரு பயம். மறுநாள் விடியுமுன் குளித்து, நெற்றியில் திருநீறு பூசி, அழுக்கானாலும் போகட்டும் என்று ஒரு பழைய பச்சைச் சேலையைச் சுற்றிக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

தெரு முனை வரைதான் நிம்மதியாகப் போக முடிந்தது. அங்கே ரிக்‌ஷாக்காரர் ஜேசுபாதம் மணியடித்து நிறுத்தினார். "ஆச்சி, காரு ரிப்பேரா? ஏறுங்க." இல்லை என்றாள். "அப்ப அண்ணாச்சியோட எதும் மனத்தாங்கலா? ஏறுங்க, அக்கா வீட்டுல விட்டுருதேன்." அதுவும் இல்லை என்றாள். பிறகு பால்காரர் கேட்டார், பள்ளிக்கூட வாட்ச்மேன் கேட்டார், முன்பின் தெரியாத ஒரு வேன் டிரைவர்கூட வண்டியை ஓரங்கட்டி இறங்கி வந்து கேட்டார். காலாற நடக்கிறேன் என்று சொல்ல அவளுக்கு நா எழவில்லை. காலாற நடப்பதெல்லாம் ரிட்டயரான ஆபீசர்கள் செய்கிற காரியம். ஒரு பொம்பளை போக இடமில்லாமல் சும்மா நடக்கிறாள் என்றால் அவளுக்கோ அவள் வீட்டுக்கோ ஏதோ ஆகிவிட்டது என்றுதான் அர்த்தம்.

பத்து மணிக்குள் செய்தி பழைய துறைமுகத்துக்குப் போய்விட்டது. கயிறு வாங்க வந்த தோணிக்காரர்கள் கயிற்றைப் பற்றிப் பேசாமல் தலையைத் தொங்கப்போட்டு நின்றார்கள். "மனசைத் தளர விடாதிய அண்ணாச்சி. நட்டம் எல்லாருக்கும் வாரதுதான். காரு போனா என்ன, இன்னொண்ணு வாங்கிக்கிடலாம்" என்று ஒருவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். வாசலில் கார் நிற்பதைக் காட்டினார் அண்ணாச்சி. வாங்கினவனிடம் இன்னும் ஒப்படைக்கவில்லை போலிருக்கிறது என்று அவர்கள் இன்னும் அதிகமாக வருத்தப்பட்டார்கள்.

சாயங்காலம் வீட்டில் அவர் போட்ட சத்தம் மாடி வரை கேட்டது. "என் மானத்தைத் தெருவுல நடத்திக் கூட்டிட்டுப் போயிட்டியேளா!" என்றார். அதோடு நிற்கவில்லை. காரைக் கொண்டுவந்து வாசலுக்குக் குறுக்கே, மதிலை ஒட்டி நிறுத்திவிட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு படுத்தார்.

மறுநாள் விடியுமுன் சீனித்தாய் காருக்கும் மதிலுக்கும் நடுவே நுழைந்து பார்த்தாள். முந்தின காலத்துச் சீனித்தாயாக இருந்தால் நுழைந்திருப்பாள். இந்தச் சீனித்தாய் பாதியில் மாட்டிக்கொண்டு, மூச்சை அடக்கி, பின்னால் வந்துவிட்டாள். வேறு வழி ஒன்றுதான். பின்கட்டைத் தாண்டி அடுத்த வீட்டுத் தங்கபுஷ்பத்தின் கொல்லை வழியாகப் போக வேண்டும். தங்கபுஷ்பம் கல்யாண வயதில் பெண்ணை வைத்துக்கொண்டு, விடியக்காலமே எழுந்து ஊர்க்கவலையெல்லாம் பட ஆரம்பித்துவிடுகிறவள். கொல்லைக் கதவில் அவள் நின்றாள்.

பார்த்தாள். விடிகிற நேரம். குளித்த தலை. நெற்றி நிறையத் திருநீறு. பச்சைச் சேலை. அதுவும் நேற்றும் அதே பச்சை. புருஷனுக்குத் தெரியாமல் பின்வாசல் வழியாகத் தெற்கே திருச்செந்தூர் ரோட்டைப் பார்த்து ஒரு புறப்பாடு.

"அக்கா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "திருச்செந்தூருக்கு நடக்கதுக்கா நேந்துக்கிட்டிய? தைப்பூசத்துக்கா? அதான் இப்பமே நடந்து பழகுதியளா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லப்படாதா?"

தைப்பூசத்துக்குப் பச்சை உடுத்தித் திருச்செந்தூருக்கு நடந்து போவது இந்தச் சீமையில் வழக்கம்தான். சீனித்தாய் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தெற்கே நடந்தாள். இந்த ஊரில் அதைவிடத் தெளிவான ஆமாம் கிடையாது.

அன்று இரவே கார் வாசலை விட்டு நகர்ந்தது. "சாமி காரியம்னா முதல்லயே சொல்லியிருக்கலாம்லா" என்று அண்ணாச்சி முனகினார். நேர்ந்துகொண்டவளைத் தடுத்தான் என்ற பேரை எந்த ஆம்பளை வாங்குவான்? அவள் காலுக்கு என்றால் நகராத கார் முருகனுக்கு என்றதும் நகர்ந்துவிட்டது. சீனித்தாய்க்கு அதில் கோபம் கோபமாக வந்தது. ஆனால் வாசல் திறந்திருந்தது. கோபத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நடையைப் பார்த்தாள்.

இனிமேல்தான் வேடிக்கை. நேர்ந்துகொண்டு நடக்கிறவர்களைக் கவனிப்பது புண்ணியம். அவர்களுக்குக் கொடுத்ததை அவர்கள் வேண்டாம் என்றால் கொடுத்தவர்களுக்கு ஆகாது. அப்படி ஒரு நம்பிக்கை. ஆகவே தங்கபுஷ்பம் தினமும் தன் வீட்டு வாசலில் ஒரு செம்புப் பானகத்தோடு நின்றாள். கருப்பட்டியை இடித்துப் போட்டு, சுக்கும் ஏலமும் தட்டிப்போட்ட பானகம். ரோட்டோரம் பேக்கரி வைத்திருந்த ரோச் ஒரு மக்ரூனை நீட்டினார். முந்திரியும் சீனியும் முட்டை வெள்ளையும் அடித்துச் செய்த அதன் மேல் சீனித்தாய்க்கு உயிர். முட்டை இருப்பது அவருக்கே சட்டென்று நினைவு வந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, அதற்குப் பதிலாகச் சீனி தூக்கலாக ஒரு பெரிய டம்ளர் பால் கொடுத்தார். முறுக்குக் கடைப் பாட்டி கருப்பட்டி மிட்டாய் கொடுத்தாள். செருப்பைப் பார்த்து எல்லாரும் முகம் சுளித்ததால் அதையும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டாள். வெறுங்காலோடு நடந்து, வயிறு நிறையச் சர்க்கரையோடு வீடு திரும்பினாள்.

கொடுத்தவர்கள் சும்மா கொடுக்கவில்லை. ஆளுக்கு ஒரு விண்ணப்பத்தையும் கூடவே ஏற்றிவிட்டார்கள். தங்கபுஷ்பத்துக்கு மகள் கல்யாணம். ஜேசுபாதத்துக்கு மனைவியின் பிரசவம். ரோச்சின் தம்பி தோணியில் மாலத்தீவுக்குப் போய் ஒரு தகவலும் இல்லை. "மாதாகிட்டயும் சொல்லியிருக்கேன் ஆச்சி. நீங்களும் உங்க சாமிகிட்ட சொல்லிவைங்க, ரெண்டு பக்கமும் இருக்கட்டும்." ஆழ்வார்திருநகரிக்காரி ஹேமாம்புஜம் டீச்சர் பெருமாளைத் தவிர வேறு பக்கம் திரும்பாதவள், அவளும் ஒருநாள் குடைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு வந்து, "சொந்த ஊருக்கு டிரான்ஸ்பர் வேணும் மாமி. முருகன் எங்காத்துப் பெருமாளுக்கு மருமான்தானே, நீங்க சொன்னா தப்பில்லே" என்று சொல்லிவிட்டுக் கல்கண்டுப் பொட்டலத்தைக் கையில் திணித்தாள்.

ஒரு மாதம் கழித்து டாக்டரிடம் போனாள். அவ்வளவு நடந்தோமே, நீலமாகவே நிற்கும் என்று நம்பித்தான் போனாள். குழாய் பச்சையானது, மஞ்சளானது, ஆரஞ்சானது, அங்கேயும் நிற்காமல் செங்கல் நிறத்துக்குப் போய் உட்கார்ந்தது.

"நடக்குறீங்களா, இல்லையா?"

"நடக்கேன்யா. சத்தியமா நடக்கேன்."

"என்ன சாப்பிடுறீங்க?"

அவள் சொன்னாள். கேட்கக் கேட்க டாக்டர் குழாயைக் கீழே வைத்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார். பிறகு அவள் கால்விரலைப் புரட்டிப் பார்த்தார். புண் முன்பைவிட அகலமாக இருந்தது.

"அம்மா, நான் ஒளிச்சுப் பேச விரும்பலை. அடுத்த தடவையும் இதே கலர்னா பாளையங்கோட்டைக்கு எழுதிக் கொடுத்துருவேன்."

பாளையங்கோட்டை என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும். அன்று ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. காலையில் தங்கபுஷ்பம் பானகத்தை நீட்டியபோது கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"நேத்து கனவுல வந்தாருளா."

தங்கபுஷ்பம் செம்போடு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். "என்ன சொன்னாரு?"

"பூசம் வரைக்கும் இனிப்பு நாக்குல படப்படாதுன்னாரு."

"பானகம்?"

"அதைத்தான் முதல்ல சொன்னாரு."

"வேற?"

"செருப்பு போட்டுக்கிட்டுத்தான் நடக்கணும்னாரு."

இது தங்கபுஷ்பத்துக்குக் கொஞ்சம் இடித்தது. "முருகனா? செருப்பா?"

"அவரே போட்டுக்கிட்டுத்தான் வந்தாரு. நான் பாத்தேன்லா."

அதற்குமேல் யார் என்ன கேட்பது? டாக்டர் இனிப்பு கூடாது என்கிறார் என்று சொல்லியிருந்தால், ஒரு மடக்குக் குடித்தால் என்ன ஆகிவிடும் என்று வாயில் ஊற்றியிருப்பார்கள். முருகன் சொன்னது ஒரே நாளில் திருச்செந்தூர் ரோடு முழுக்கப் பரவிவிட்டது. ரோச் பாலில் சீனியை நிறுத்தினார். முறுக்குக் கடைப் பாட்டி சுண்டலுக்கு மாறினாள். யாராவது விவரம் தெரியாமல் இனிப்பை நீட்டினால் ஜேசுபாதம் ரிக்‌ஷாவிலிருந்தே சத்தம் போட்டார். எம்.பி.பி.எஸ். படித்தவர் பேச்சுக்கு இல்லாத மரியாதையைப் பார்த்து எனக்கே டாக்டர் பேரில் பரிதாபம் வருகிறது.

சீனித்தாயின் உடம்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. முதலில் மூச்சு வாங்காமல் பேச வந்தது. பிறகு உப்பளம் தெரிகிற இடம் வரை உட்காராமல் போக முடிந்தது. ஒருநாள் மேகம் கட்டி, கடல் பக்கமிருந்து குளிர்ந்த காற்று வந்தபோது, யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு கையை வீசி வேகமாக நடந்து பார்த்தாள். தேரிக்காட்டில் ஓடியது இந்தக் கால்தான் என்பது திடீரென்று அவளுக்கு நம்பும்படியாக இருந்தது. சந்தோஷத்தில் சிரித்துவிட்டாள். அடுத்த தடவை குழாய் பச்சையோடு நின்றது. புண் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது.

இதற்குள் தைப்பூசம் வந்துவிட்டது. அண்ணாச்சி ஊரெல்லாம் சொல்லிவிட்டார்: பூசத்தன்று காரோடு கோவிலில் நிற்பார், வேண்டுதல் முடிந்ததும் அவளை ஏற்றிக்கொண்டு வருவார், அப்புறம் நடை கிடை ஒன்றும் கிடையாது. சந்தோஷமாகத்தான் சொன்னார். பெரிய பாத்திரத்தில் பஞ்சாமிர்தத்துக்கும் சொல்லியிருந்தார். சீனித்தாய் யோசித்துப் பார்த்தாள். முருகன் பேரால் திறந்த வாசல் முருகனைக் கும்பிட்டதும் மூடிக்கொள்ளப் போகிறது. நடை நின்றால் பழையபடி பானகமும் காரும், அப்புறம் பாளையங்கோட்டை. போகாமல் இருக்கலாம் என்றால், ஊர் விண்ணப்பம் பூராவும் அவள் தலையில் இருந்தது.

டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிறகு, "ரெண்டு நாளாப் பிரிச்சு, உக்காந்து உக்காந்து போங்க. மாத்திரை சாப்பிடுறீங்க, பசியோட நடந்தா சர்க்கரை ஒரேயடியா இறங்கிரும். கை நடுங்கி, வேர்த்து, கண்ணு இருட்டினா உடனே ஒரு ஆரஞ்சு மிட்டாயை வாயில போடணும். யோசிக்கக் கூடாது" என்றார்.

"இனிப்பாய்யா?"

"இனிப்புதான்."

இந்தச் சர்க்கரையைப் போல நிலையில்லாத வியாதியை அவள் கண்டதில்லை. மிட்டாய்களை முந்தானை ஓரத்தில் முடிந்துகொண்டாள்.

தங்கபுஷ்பமும் இன்னும் சில பெண்களும் கூட வந்தார்கள். முதல்நாள் ஆத்தூர் வரை போய் ஒரு சத்திரத்தில் படுத்தார்கள். காலை வைக்க முடியாமல் புலம்பியவர்கள் எல்லாரும் அவளைவிட இளையவர்கள். இரண்டு மாதம் நடந்து பழகிய சீனித்தாய் நிம்மதியாகத் தூங்கினாள். மறுநாள் ஆறுமுகநேரி உப்பளப் பக்கம் போகும்போது வெயில் ஏறிவிட்டது. சாப்பாடு கொண்டுவந்தவள் பின்தங்கிவிட்டாள். சீனித்தாய்க்குக் கை லேசாக நடுங்கியது. பிறகு உடம்பெல்லாம் வேர்த்தது. கண்ணுக்கு முன்னால் ரோடு ஆடியது.

ஒன்றுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, பனையோலை வேய்ந்த ஒரு உப்புக் குவியலுக்குப் பின்னால் போய்ச் சரிந்து உட்கார்ந்து, முடிச்சை அவிழ்த்து மிட்டாயை வாயில் போட்டாள். தள்ளாடிப் போனவளைப் பார்த்துப் பயந்து பின்னாலேயே வந்தாள் தங்கபுஷ்பம்.

"அக்கா! வாயில என்ன?"

சீனித்தாய் அதை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டாள். "மிட்டாய்."

"விரதத்தை முறிச்சிட்டியளே! கோயில் கிட்ட வந்து முறிச்சிட்டியளே!"

"விரதமே கிடையாதுளா. நேத்திக்கடனும் கிடையாது. கனவுல ஒருத்தரும் வரல. எனக்குச் சுகரு. டாக்டரு நடக்கச் சொன்னாரு. எங்கக்காவுக்குப் போன மாதிரி என் காலு போயிரப்படாதுன்னு நடந்தேன். அவ்வளவுதான்."

தங்கபுஷ்பம் உப்புக் குவியலைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு முதலில் தோன்றியது ஒன்றே ஒன்றுதான். "அப்ப என் மவ கல்யாணம்? பொய் வேண்டுதல்ல ஏத்திவிட்டது எப்படிக்கா போய்ச் சேரும்? முதல்லயே சொல்லியிருக்கலாம்லா!"

"எனக்காவ நடக்கேன்னு சொல்லியிருந்தா உன் கொல்லைக் கதவைத் திறந்து விட்டிருப்பியா?"

தங்கபுஷ்பம் யோசித்தாள். என்ன குறை இருந்தாலும் பொய் சொல்லத் தெரியாதவள். "மாட்டேன். அண்ணாச்சியை எழுப்பியிருப்பேன்."

பிறகு தங்கபுஷ்பம் மூக்கைச் சிந்திவிட்டு, சீனித்தாயின் கையைப் பிடித்துத் தூக்கினாள். "எந்திரிங்க. பாதியில நின்னா ஒண்ணுக்கும் ஆவாது. நேந்துக்கிடாட்டி என்ன, கோயில் அங்கனதான இருக்கு. மிச்ச மிட்டாயை இங்கன தாங்க. உங்ககிட்ட இருந்தா எல்லாரும் பாப்பாவ."

சாயங்காலம் போய்ச் சேர்ந்தார்கள். பூசக் கூட்டத்தில் நசுங்கிச் சன்னிதிக்கு முன்னால் வந்ததும் சீனித்தாய் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். தங்கபுஷ்பம் மகள் கல்யாணம், ஜேசுபாதம் மனைவி, ரோச்சின் தம்பி, ஹேமாம்புஜம் டீச்சரின் டிரான்ஸ்பர் என்று ஒன்று விடாமல் சொன்னாள். கல்யாணமான நாளிலிருந்து இதே இடத்தில் நின்று புருஷனுக்கு, பிள்ளைகளுக்கு, கடைக்கு, யார் யாருடைய தோணிகளுக்கோ கேட்டிருக்கிறாள். தன் உடம்புக்கென்று ஒருநாளும் கேட்டதில்லை. கேட்கக் கூச்சமாக இருந்தது.

"நவுருங்கம்மா, நவுருங்க" என்று கோவில் ஆள் தோளைத் தள்ளினான்.

"இரும்யா. எனக்குன்னு இன்னும் கேக்கல" என்று அதட்டினாள் சீனித்தாய். அவன் நிஜமாகவே கையை எடுத்துவிட்டான். அவள் கண்ணை மூடி, கேட்க வேண்டியதைக் கேட்டாள்.

வெளியே அண்ணாச்சி காரின் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். கையில் பஞ்சாமிர்தம். முகமெல்லாம் சிரிப்பு.

"முடிஞ்சுதுல்லா? இந்தா, வாயில போடு. ஏறு."

"அக்காவுக்கு வேண்டாம் அண்ணாச்சி, இங்கன தாங்க" என்று தங்கபுஷ்பம் பாத்திரத்தை வாங்கிக்கொண்டு நகர்ந்துவிட்டாள்.

"ஒண்ணு சொல்லணும்" என்றாள் சீனித்தாய். "இவ்வளவு நாளும் நடந்தது நேத்திக்கடன் இல்ல. டாக்டரு சொன்னதுதான். நீங்க விட மாட்டியன்னு சாமி பேரைச் சொன்னேன். இப்ப உள்ள போயி நெசமாவே நேந்துக்கிட்டேன்."

"என்னன்னு?"

"தினமும் நடக்கேன்னு."

"எவ்வளவு நாளைக்கு?"

"காலு இருக்க வரைக்கும்."

அண்ணாச்சி ஏதோ சொல்ல வாயெடுத்தார். முத்துக்கனியைப் பாளையங்கோட்டையிலிருந்து கூட்டிவந்தது இதே காரில்தான். அவளை இந்தப் பின்சீட்டில் தூக்கி வைத்தவர்களில் அவரும் ஒருவர். என்ன, இவ்வளவு லேசாக இருக்கிறாள் என்று நினைத்துத் தூக்கி, ஏன் லேசு என்று உறைத்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டவர். கூட்டம் இருவரையும் இடித்துக்கொண்டு போயிற்று. அவர் தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நாளைக்கும் போவணுமா, இல்ல ஒரு நாள் லீவு உண்டுமா?" என்று கடைசியில் கேட்டார்.

"நாளைக்கு லீவு. அதையும் கேட்டு வச்சிட்டேன்."

அவள் ஏறிக்கொண்டாள். கார் கூட்டத்தை விட்டு வெளியே வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு, கால்களைத் தூக்கிச் சீட்டில் நீட்டிவைத்துப் பார்த்தாள். வீங்கியிருந்தன. புழுதி அப்பியிருந்தது. விண்விண்ணென்று வலித்தன. இரண்டும் இருந்தன.